பழைய கனரக லாரியில் சேசிஸ் விரிசல்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மணலி, மாதவரம், எண்ணூர், செங்குன்றம் பக்கத்துப் பட்டறைகளுக்கு சேசிஸ் விரிசல் புது வேலை இல்லை. கன்டெய்னர் டிரெய்லர், சாம்பலை மூடிய தொட்டியில் ஏற்றும் பல்கர், நிலக்கரி டிப்பர், இரும்பு ஏற்றும் டாரஸ் லாரி என எதுவானாலும், பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தால் எங்காவது ஒரு பழைய வெல்டிங் கண்ணில் படும். பல வண்டிகளில் அந்த வெல்டிங்குக்கு ஒட்டினாற்போல் புது விரிசலும் இருக்கும். காரணத்தைத் தொடாமல் விரிசலை மட்டும் அடைத்ததன் விளைவு அது. விரிசல் எங்கே பிறந்தது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் படித்துக் காரணத்தைப் பிடித்துவிட வேண்டும். வெல்டிங் ராடை ஹோல்டரில் மாட்டுவது அதற்குப் பிறகுதான்.

படிப்பதற்கு இவ்வளவு தெரிந்தால் போதும். சேசிஸ் என்பது லாரியின் அடிச்சட்டம்: நீளவாக்கில் இரண்டு லாங் மெம்பர், குறுக்கே சில கிராஸ் மெம்பர். லாங் மெம்பர் ‘ப’ எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்த சேனல்: செங்குத்தாக ஒரு நடுத்தகடு, மேலும் கீழும் மடங்கிய இரண்டு ஃபிளாஞ்ச். லோடு ஏறினால் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் சேனல் கீழே தொய்கிறது. அங்கே கீழ் ஃபிளாஞ்ச் இழுபடும், மேல் ஃபிளாஞ்ச் அமுங்கும். பின் ஆக்சிலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் இது தலைகீழ்: மேல் ஃபிளாஞ்ச்தான் இழுபடும். லோடு தாங்காமல் வரும் விரிசல் இழுபடும் பக்கத்தில் பிறக்கும். இதோடு முறுக்கும் உண்டு. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சட்டம் முழுவதும் முறுகித் திரும்புகிறது. அந்த முறுக்கு கிராஸ் மெம்பர் இணைப்புகளையும் பிராக்கெட் ஓட்டைகளையும் தேடிப் போய் அடிக்கும்.

வண்டியை நகர்த்தலாமா?

விரிசல் ஃபிளாஞ்ச் முழுக்க ஓடி, மடிப்பைத் தாண்டி நடுத்தகட்டில் ஏறிவிட்டால் அந்த இடத்திலேயே லோடை இறக்க வேண்டும். வெறும் வண்டியாகத்தான் பட்டறைக்கு வரலாம், அதுவும் மெதுவாக. நடுத்தகட்டில் பாதிக்கு மேல் ஏறியிருந்தால் வெறும் வண்டியையும் ஓட்டக் கூடாது. ஸ்டீயரிங் பாக்ஸ் உட்கார்ந்திருக்கும் இடத்திலோ முன் ஸ்பிரிங் பிராக்கெட்டிலோ விரிசல் என்றால், அது விரல் நீளமே இருந்தாலும் இழுவை வண்டி கூப்பிடுங்கள்.

“ரெண்டு இழுப்பு இழுத்து வுட்டுடுண்ணா, நைட்டு ஹார்பர் ஜீரோ கேட்டுல லைன்ல நிக்கணும்” என்று டிரைவர் தம்பி கேட்பார். அவருக்கு டிரிப் போகிறது, முதலாளிக்குத் தவணை ஓடுகிறது. அந்த நெருக்கடி உண்மைதான். ஆனாலும் லோடோடு நிற்கும் வண்டியில் சேசிஸை வெல்டிங் அடிக்கக் கூடாது. தொய்ந்த நிலையிலேயே பற்றவைத்தால் அந்தத் தொய்வு அப்படியே நிலைத்துவிடும். லோடு இறக்கிய பிறகும் அந்த இணைப்புக்குள் அழுத்தம் தங்கியே இருக்கும்.

அறிகுறி: பெயின்ட் மேல் செம்பழுப்புக் கோடு

நல்ல பிரஷரில் தண்ணீர் சர்வீஸ் செய்து காய்ந்த பிறகு பாருங்கள். கடல் காற்று படும் எண்ணூர் விரைவுச் சாலையில் தினமும் ஓடும் வண்டியில் துரு எங்கும் இருக்கும். நாம் தேடுவது பரவலான துருவை அல்ல. ரிவெட் தலையைச் சுற்றி வளையமாக மெல்லிய ஆரஞ்சுப் பொடி இருந்தால் அந்த ரிவெட் தளர்ந்து தகடோடு உரசுகிறது. ஓட்டையிலிருந்து முடி போல ஒரு கோடு கிளம்பி, அதிலிருந்து மழைத் தண்ணீர் துருவை இழுத்து வழிந்திருந்தால் அது விரிசல்.

சந்தேகம் தீர மூன்று ஸ்பிரே டப்பா வாங்கி வையுங்கள்: கிளீனர், சிவப்புச் சாயம், வெள்ளை டெவலப்பர். பெயின்டை முழுக்கச் சுரண்டி வெறும் இரும்பு தெரியவிட்டு, கிளீனரால் துடைத்து, சிவப்பை அடித்துப் பத்து முதல் இருபது நிமிடம் விடுங்கள். பிறகு கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். தகடு மேல் நேராக அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப் போய்விடும். கடைசியாக வெள்ளையை மெல்லப் பூசினால், விரிசல் இருந்தால் அதன் வழியே சிவப்புக் கோடு எழுந்து வரும். கோட்டின் கடைசி முனை எங்கே என்பதைச் சென்டர் பஞ்சால் குறித்துவிடுங்கள். வெயிலில் கை வைக்க முடியாமல் கொதிக்கும் தகட்டில் இது வேலைக்கு ஆகாது. சாயம் உள்ளே இறங்கும் முன்பே காய்ந்துவிடும். காலையிலோ நிழலிலோ செய்யுங்கள். டப்பா கிடைக்காத இடத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சாக்பீஸ் பொடி பூசும் பழைய முறையும் கை கொடுக்கும், ஆனால் மிக மெல்லிய விரிசல் அதில் தப்பிவிடும்.

அறிகுறி: லோடு ஏறியதும் கேபினுக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி மாறுகிறது

காலியாக இருக்கும்போது இரண்டு பக்கமும், மேலேயும் கீழேயும், இடைவெளியை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். லோடு ஏறிய பிறகு திரும்ப அளந்து பாருங்கள். இரு பக்கமும் மேல் இடைவெளி கொஞ்சம் குறைவது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் அதிகமாகக் குறைந்தால் அந்தப் பக்கத்து லாங் மெம்பரைச் சந்தேகப்படுங்கள். லோடு இறங்கியும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்றால் சேனல் வளைந்துவிட்டது, அல்லது விரிசல் நடுத்தகட்டில் ஏறிவிட்டது. அதற்கு முன் கேபின் மவுன்ட் ரப்பரைப் பார்த்துவிடுங்கள். ரப்பர் அமுங்கிப் போனதைச் சேசிஸ் கோளாறு என்று எண்ணி பாடியைக் கழற்றினால் வீண் செலவு.

அறிகுறி: பள்ளத்தில் இறங்கும்போது அடியில் ‘டக் டக்’

முதலில் ஸ்பிரிங் ஷேக்கிள், பின், புஷ், யூ போல்ட், ஷாக் அப்சார்பர். இவை சரியாக இருந்தால் கிராஸ் மெம்பர் ரிவெட்டுகளுக்குப் போங்கள். ரிவெட் தலையின் ஒரு ஓரத்தில் விரலை வைத்து, எதிர் ஓரத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். இறுக்கமான ரிவெட் சுத்தியலைத் திருப்பித் தள்ளும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. தளர்ந்த ரிவெட்டில் விரலுக்கு அடியில் மெல்லிய அசைவு வரும். சத்தத்தைவிட இந்த அசைவை நம்பலாம்.

தளர்ந்த ரிவெட்டின் தலையைச் சுற்றி வெல்டிங் போடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த வட்டத்தின் விளிம்பிலிருந்துதான் அடுத்த விரிசல் கிளம்பும். ரிவெட்டை வெட்டி எடுத்து, ஓட்டையை ரீமரால் வட்டமாக்கி, அதில் தட்டித்தான் இறங்கும் அளவுக்குப் பொருந்தும் 10.9 கிரேடு போல்ட்டும் கெட்டி வாஷரும் போட வேண்டும். ஓட்டைக்கும் போல்ட்டுக்கும் நடுவே ஆட்டம் இருந்தால் ரிவெட்டை மாற்றியதில் பயனில்லை.

அறிகுறி: வண்டி கோணலாக ஓடுகிறது, டயர் ஒரு பக்கம் தேய்கிறது

செலவில்லாத காரணத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஸ்பிரிங் பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். சேசிஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது சரியாக இருந்தால் வண்டியைச் சமமான கான்கிரீட் தரையில் நிறுத்தி, இரண்டு லாங் மெம்பரிலும் கம்பெனி போட்ட ஒரே மாதிரி ஓட்டைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். முன்னால் இரண்டு குறி, பின்னால் இரண்டு குறி. மூலைக்கு மூலை இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒரு லாங் மெம்பர் மற்றதைவிட முன்னே தள்ளிப்போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கிராஸ் மெம்பர் மூலைகளை ஒவ்வொன்றாகச் சாயம் அடித்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அந்த மூலையில்தான் ஒளிந்திருக்கும்.

விரிசல் கீழ் ஃபிளாஞ்சில், இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில்

இது லோடு சொல்லும் கணக்கு. ஆனால் ஓவர்லோடு என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். அதே லோடு எல்லா இடத்தையும்தான் இழுத்தது. அந்தக் குறிப்பிட்ட இடத்தில் ஏன் பிளந்தது? ஃபிளாஞ்ச் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். டூல் பாக்ஸுக்கோ டீசல் டேங்குக்கோ யாரோ வெல்டிங் அடித்த பிராக்கெட், ஏர் டியூப் கிளிப்புக்குப் போட்ட ஒரு சின்ன ஓட்டை, கேஸ் கட்டிங் பட்ட ஒரு வடு, ராடைத் தட்டிப் பார்த்த ஒரு புள்ளி, சங்கிலி கடித்த ஒரு பள்ளம் என ஏதாவது ஒன்று சிக்கும். ஃபிளாஞ்சில் ஓட்டை போடவே கூடாது என்று தயாரிப்பாளர்களின் பாடி கட்டும் கையேடுகள் சொல்வதற்குக் காரணம் இதுதான். பிராக்கெட் வேண்டுமென்றால் நடுத்தகட்டில், டிரில் போட்டு, போல்ட் வைத்து மாட்டுங்கள்.

லோடு பற்றி இரண்டு விஷயம். 2018-ல் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள பின் ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன் இருந்தது 11.5 டன் ஆனது. அந்த எண்ணைக் காட்டிப் பழைய வண்டியில் ஏற்றுவது தவறு. பழைய வரம்புக்குக் கணக்குப் போட்டுச் செய்த இரும்பு, அறிவிப்பு வந்ததால் கெட்டியாகிவிடாது. உங்கள் ஆர்.சி.யில் என்ன எடை இருக்கிறதோ அதுதான் வரம்பு. அடுத்தது கன்டெய்னர். இருபது அடிப் பெட்டி, நாற்பது அடிப் பெட்டி இரண்டிலுமே உச்சபட்ச மொத்த எடை 30,480 கிலோ என்று இருக்கும் பெட்டிகள் உண்டு. அதாவது இருபது அடிப் பெட்டியில் அதே எடை பாதி நீளத்தில் இறங்குகிறது. நாற்பது அடி டிரெய்லரின் நடுவில் கனமான இருபது அடிப் பெட்டி ஒன்றை வைத்து ஓட்டினால் பீமின் கீழ்ப்பக்கம் எவ்வளவு இழுபடும் என்று யோசித்துப் பாருங்கள். டிரெய்லர் பீமில் அடிக்கடி நடுவிலேயே விரிசல் வருகிறது என்றால் வெல்டரை மாற்றும் முன் பெட்டி எங்கே உட்காருகிறது என்று விசாரியுங்கள்.

விரிசல் மேல் ஃபிளாஞ்சில், கேபினுக்குப் பின்னால்

டிப்பர், டேங்கர், பல்கர் மூன்றிலும் பார்க்கலாம். பாடியைத் தாங்க சேசிஸ் மேல் வைக்கும் சப் ஃபிரேம் தொடங்கும் முனை அங்கே இருக்கிறது. அதற்கு முன்னால் சேனல் மட்டும், பின்னால் சேனலும் சப் ஃபிரேமும் சேர்ந்து. வளையும் இடத்துக்கும் வளையாத இடத்துக்கும் நடுவே உள்ள அந்த ஒரே கோட்டில் எல்லா அசைவும் குவிகிறது. சப் ஃபிரேம் முனையைச் செங்குத்தாக வெட்டி விட்டிருந்தால் அது மேல் ஃபிளாஞ்சைக் கடித்துப் பள்ளம் போட்டிருக்கும். விரிசலைச் சரி செய்வதோடு அந்த முனையை நீளச் சரிவாக அறுத்து, அடிமுனையை உருட்டித் தேய்த்து, முன் பிடிப்பைக் கொஞ்சம் இசைந்து கொடுக்கும் ஸ்பிரிங் வைத்த பிராக்கெட்டாக மாற்றுங்கள்.

அங்கேயே சப் ஃபிரேமைச் சேனலோடு பிடிக்கும் யூ போல்ட்டையும் பாருங்கள். சேனலுக்குள் அடைப்பு எதுவும் வைக்காமல் யூ போல்ட்டை முறுக்கினால் ஃபிளாஞ்ச் உள்ளே மடங்கும். உள்ளே இரும்புத் துண்டோ கெட்டி மரக்கட்டையோ முட்டுக் கொடுத்த பிறகே முறுக்க வேண்டும். சைலென்சர் பக்கம் மரம் கூடாது.

விரிசல் மேல் ஃபிளாஞ்சில், பின் ஆக்சிலுக்கு மேலே அல்லது பின்னால்

பின்னால் நீளும் பகுதியில் கனம் அதிகம். கம்பி, குழாய், காயில் ஏற்றும் வண்டிகளில் இது வழக்கம். டிப்பரில் என்றால் ஹின்ஜ் பின்னைப் பாருங்கள். ஒரு பக்கப் பின் தேய்ந்திருந்தால் தொட்டி தூக்கும்போது எடை முழுக்க மறுபக்க லாங் மெம்பரில் விழும். அத்திப்பட்டு, மீஞ்சூர்ப் பக்கம் நிரப்பிய மண் தரையில் சரிவாக நிறுத்தித் தொட்டியைத் தூக்கும் பழக்கமும் இதே விரிசலைத்தான் கொடுக்கும்.

விரிசல் நடுத்தகட்டில், ஸ்பிரிங் ஹேங்கர் ஓட்டையிலிருந்து

ஹேங்கர் என்பது ஸ்பிரிங்கைச் சேனலோடு தொங்கவிடும் பிராக்கெட். போல்ட் தளர்ந்து அது ஆடியிருக்கிறது. ஓட்டை நீள்வட்டமாகியிருக்கும். ஒரே பிராக்கெட்டில் இரண்டு ஓட்டைகளிலிருந்து விரிசல் கிளம்பி ஒன்றையொன்று நோக்கி ஓடினால் அந்தத் துண்டே கழன்று வரும் நிலை. எதிர்ப்பக்கத்து ஸ்பிரிங் பட்டையில் முறிவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பட்டை முறிந்தால் மறுபக்க ஹேங்கர்தான் அடி வாங்கும்.

பழைய வெல்டிங் பக்கத்தில் மறுபடி விரிசல்

அதிகம் வருவதும் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

விரிசல் வெல்டிங்கின் நடுவிலேயே ஓடினால் வேர் வரை உலோகம் போகவில்லை. தகட்டை வி வடிவில் தேய்க்காமல் மேலாகவே ராடு ஓட்டியிருக்கிறார்கள். வெளியே பார்க்க அழகாக இருக்கும், உள்ளே பழைய பிளவு அப்படியே இருக்கும்.

வெல்டிங்கின் ஓரத்தில், தகடும் வெல்டிங்கும் சேரும் கோட்டில் ஓடினால் இரண்டு சாத்தியம். ஒன்று, கரன்ட் அதிகம் வைத்து ஓரத்தைக் கரைத்துப் பள்ளம் விட்டிருக்கிறார்கள். இன்னொன்று, ராடில் ஈரம். பட்டறைகளில் பொதுவாகப் புழங்குவது 6013 ராடு. கேட் செய்ய, கிரில் செய்ய அது நல்ல ராடு, சேசிஸுக்கு அல்ல. சேசிஸுக்கு ஹைட்ரஜன் குறைவாக உள்ள 7018 வேண்டும். ஆனால் அந்த ராடு ஈரத்தை உறிஞ்சும். பாக்கெட்டைப் பிரித்து மாதக்கணக்கில் அலமாரியில் வைத்த 7018, நம் ஊர்க் காற்றில் 7018-ஆகவே இருக்காது. ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் சூடான இரும்புக்குள் போய், ஆறிய பிறகு, சில மணி நேரம் கழித்தோ மறுநாளோகூட விரிசலைத் திறக்கும். வெல்டிங் முடிந்ததும் சாயம் அடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று அனுப்பிய வண்டி சீக்கிரமே திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பிரித்த ராடை 120 முதல் 150 டிகிரி சூட்டில் ஓவனில் வைத்திருங்கள். ஈரம் ஏறிவிட்டது என்று சந்தேகம் வந்தால் பாக்கெட்டில் எழுதியிருக்கும் சூட்டில், பொதுவாக 300 டிகிரிக்கு மேல், ஒரு மணி நேரமாவது சுட்டெடுத்துப் பயன்படுத்துங்கள்.

விரிசல் வெல்டிங்கை விட்டுவிட்டு, மேலே வைத்த தகட்டின் முனையில் கிளம்பினால் தகட்டின் வடிவம்தான் குற்றவாளி. சதுரமாக வெட்டிய தகட்டைச் சுற்றிலும் வெல்டிங் அடித்தால், தகடு முடியும் இடத்தில் சேனலுக்குக் குறுக்கே ஒரு கோடு விழுகிறது. விரிசலுக்கு நாமே வழி போட்டுக் கொடுப்பது போல. கெட்டியான தகடு வைத்தால் பலம் என்ற நம்பிக்கையும் இங்கே தவறு. சேனலைவிடத் தடிமனான தகடு வைத்தால் அந்த இடம் வளைய மறுக்கும். வளைவு முழுக்கத் தகட்டின் இரண்டு முனைக்கும் போய்ச் சேரும்.

இரட்டைச் சேனல் நடுவே வீக்கம்

உள்ளே ஒரு லைனர் சேனல் வைத்த வண்டிகளில் இரண்டு தகட்டுக்கும் நடுவே உப்புத் தண்ணீர் புகுந்தால் துரு ஊறி, தகட்டையே வெளியே தள்ளும். போல்ட்டுகளுக்கு நடுவே சேனல் அலை அலையாகத் தெரியும். காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகம் பக்கம் ஓடும் வண்டிகளில் இதைத் தவறாமல் பாருங்கள். உளியால் தட்டினால் அடை அடையாகத் துரு உதிரும். இரண்டையும் பிரித்து, சுத்தம் செய்து, மிச்சத் தடிமனை வெர்னியரில் அளக்காமல் இதில் வெல்டிங் பேச்சே எடுக்கக் கூடாது. பிரிக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் தண்ணீரை உள்ளே பூட்டி வைத்தது போல் ஆகிவிடும்.

இனி வேலை

எந்த இரும்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் லாரிகளில் பெரும்பாலும் வெல்டிங் தாங்கும் வகை எஃகுதான். ஆனால் சூட்டுப் பதம் ஏற்றிய சேனல்கள் சில வெளிநாட்டு வண்டிகளிலும் இழுவை இயந்திரங்களிலும் உண்டு. அவற்றில் வெல்டிங் சூடு பட்ட இடம் பதம் இழந்து மெலிந்துவிடும். சேசிஸ் எண்ணைச் சொல்லி டீலரிடம் கேட்டால் வெல்டிங் செய்யலாமா, எங்கெல்லாம் கூடாது என்று தெரியும். சேசிஸ் எண் பொறித்த இடத்தை கிரைண்டரால் தொடாதீர்கள். விரிசலே அந்த எண் மேல் ஓடினால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அனுமதி வாங்கி, பிறகு வேலை. எண் அழிந்த வண்டிக்கு எஃப்.சி. வாங்குவது பெரும்பாடு.

பெட்ரோலியம் டேங்கர் என்றால், தண்டையார்பேட்டையோ மணலியோ எங்கிருந்து வந்தாலும், டேங்க் காலியாக இருக்கிறது என்ற வார்த்தை போதாது. ஆவி நீக்கிய சான்று கையில் இல்லாமல் பட்டறைக்குள்ளேயே விடாதீர்கள்.

லோடை இறக்கி, சமதரையில், லாங் மெம்பருக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துங்கள். தொய்வு இருந்தால் ஜாக்கியால் மெல்லத் தூக்கி, நூல் பிடித்து நேராக்க வேண்டும். கேஸ் டார்ச்சால் சிவக்கச் சூடேற்றி நிமிர்த்துவது வேண்டாம். பேட்டரியின் இரண்டு ஒயரையும் கழற்றுங்கள். இன்ஜினையும் பிரேக்கையும் கட்டுப்படுத்தும் மின்னணு இசிஎம், ஏபிஎஸ் பெட்டி உள்ள வண்டியில் அவற்றின் கனெக்டரையும் கழற்றுங்கள். நைலான் ஏர் டியூப், ஒயரிங், டீசல் லைன் மூன்றையும் ஒதுக்கி நனைந்த சாக்கால் மூடுங்கள். எர்த் கிளாம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்த சேனலிலேயே, வெல்டிங் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். ஸ்பிரிங்கிலோ ஆக்சில் ஹவுசிங்கிலோ மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும்.

குறித்து வைத்த முனையைச் சற்றுத் தாண்டி எட்டு மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள். ஓட்டைக்குள் மறுபடி சாயம் அடித்து, விரிசல் அதையும் தாண்டவில்லை என்று உறுதி செய்த பிறகு கிரைண்டரால் விரிசல் நெடுக வி வெட்டுங்கள். இரண்டு பக்கச் சரிவும் சேர்த்து அறுபது டிகிரி, அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி, பின்பக்கம் ஒரு செம்புப் பட்டை. கீழ் ஃபிளாஞ்ச் விரிசலைச் சேனலின் உள்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். அங்கே அது மேல்நோக்கி இருப்பதால் ராடைத் தட்டையாக ஓட்டலாம், மல்லாந்து படுத்து அடிக்க வேண்டியதில்லை.

ஃபிளாஞ்ச் விளிம்பில் அதே தடிமனில் ஒரு துண்டைப் புள்ளி வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். வெல்டிங்கை ஓட்டை முனையில் ஆரம்பித்து விளிம்பை நோக்கி வந்து, அந்தத் துண்டின் மேல் முடியுங்கள். ஆரம்பமும் முடிவும்தான் வெல்டிங்கின் பலவீனமான இடம்; முடிவு சேனலின் விளிம்பில் விழாமல் வெட்டி எறியப் போகும் துண்டில் விழட்டும். நடுத்தகட்டில் கீழிருந்து மேலாக ஓட்டுங்கள். டிசி மெஷின், ராடு பாசிட்டிவில். பழைய ஏசி டிரான்ஸ்ஃபார்மர் பலவற்றில் 7018 ஒழுங்காகப் பற்றாது, அதற்காக ராடை மாற்றாதீர்கள், மெஷினை மாற்றுங்கள். தகடு ஈரம் போகும் அளவுக்கு முன்கூட்டியே சூடாக இருக்கட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கசடை முழுக்கத் தட்டி பிரஷ் போடுங்கள். முடிந்ததும் தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பிறகு இரண்டு பக்கமும் தகடோடு மட்டமாகத் தேய்க்க வேண்டும். கிரைண்டர் கீறல் சேனலின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே விழும் ஒவ்வொரு கீறலும் ஃபிளாஞ்சில் ஒரு தொடக்கப் புள்ளி.

காரணம் வெறும் பழைய வெல்டிங் பிழையாக இருந்தால் இதோடு நிறுத்தலாம். லோடும் முறுக்கும் காரணமாக இருந்தால் மேலே தகடு வேண்டும். சேனலைவிடத் தடிமன் கூடாமல், நடுத்தகட்டையும் விரிசல் வந்த ஃபிளாஞ்சையும் அணைக்கும் எல் வடிவத் தகடு எடுங்கள். விரிசலின் இரு பக்கமும் சேனல் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது நீளட்டும். முனைகளைச் சதுரமாக விடாமல் முப்பது டிகிரிச் சரிவில் அறுக்க வேண்டும். தகடு முடியும் இடமும் கிராஸ் மெம்பரோ ஸ்பிரிங் பிராக்கெட்டோ முடியும் இடமும் ஒரே கோட்டில் வரக் கூடாது. இருக்கும் ஓட்டைகளை முடிந்தவரை பயன்படுத்தி நடுத்தகட்டில் மட்டும் போல்ட் போடுங்கள். தகட்டை வைக்கும் முன் இரண்டு முகத்திலும் பிரைமர் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன வீக்கம் இங்கேயும் வரும்.

இரண்டு லாங் மெம்பரிலும் ஒரே இடத்தில் விரிசல், அல்லது துரு தின்று தடிமன் கண்ணுக்கே தெரியும்படி குறைந்த சேனல், அல்லது ஏற்கெனவே இரண்டு தகடு வைத்து மூன்றாவது கேட்கும் இடம்: இவற்றில் நான் வெல்டிங் செய்யச் சொல்ல மாட்டேன். லாங் மெம்பரை மாற்றுவதுதான் வழி. புதுப்பேட்டையில் பழைய சேனல் வாங்கி ஒட்டுப்போடுவதாக இருந்தால் அதையும் முழு நீளத்துக்குச் சாயம் அடித்துப் பாருங்கள். அதுவும் ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றியதுதான். வீல்பேஸ் நீளம் மாறும் எந்த வேலையும் ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது.

மறுநாள் வெல்டிங் மேல் மீண்டும் ஒருமுறை சாயம். அது சுத்தமாக வந்தால் வண்டியைக் கொடுக்கலாம். ஆனால் அந்த இடத்தில் வெளிர் நிறப் பிரைமர் மட்டும் மெல்லியதாக இருக்கட்டும். முதல் சில லோடுகளுக்குப் பிறகு டிரைவரை வரச் சொல்லி, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்கிப் பார்த்து, பிரைமரில் முடிக்கோடு எதுவும் விழவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகு கறுப்பு பெயின்ட் அடியுங்கள்.